இருபது சாவிகள், தொண்ணூறு படிகள்

திரியெஸ்தே, மார்ச் 9

அன்புள்ள மில்தா அக்காவுக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? ஜனவரியில் முற்றத்துப் பனியில் வழுக்கி விழுந்தாயே, இடுப்பு வலி போய்விட்டதா? போனில் கேட்டால் நீ எதையாவது சொல்லி மழுப்புவாய், நானும் சரி சரி என்று வைத்துவிடுவேன். முப்பத்தெட்டு வருஷம் தபால் பை சுமந்தவள், ‘காகிதத்துல எழுதுனாத்தான் நம்புவேன்’ என்று உன் சமையலறையில் வைத்துக் கட்டளை போட்டாய். இதோ, முதல் நாளே காகிதம்.

அக்கா, நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் தெரியுமா? அறுபத்திரண்டு ஊர்கள் கூடியிருக்கும் ஐரோப்பிய மன்றத்தில். என் இடப்பக்கம் ஒரு மேயர், வலப்பக்கம் ஒரு மேயர், நடுவில் லாபூனாய் நகராட்சி இன்ஜினியர் வைதாஸ், கழுத்தில் மஞ்சள் அட்டையோடு. காதில் மாட்டியிருக்கும் கருவியில் ஒரு பெண் குரல் எல்லோருடைய பேச்சையும் நம் மொழியில் சொல்கிறது. எனக்கு அவள்மேல் பாதிக் காதலே வந்துவிட்டது.

ஐரோப்பியர் என்றால் யார், ஓர் ஊர் தன் மக்களை எப்படிக் காப்பாற்றும், இந்த இரண்டும்தான் ஜூன் வரைக்கும் பேச்சு. கடைசியில் ஓர் அறிக்கை வரும். அதன் முதல் வாக்கியம் ‘நாங்கள்’ என்று தொடங்குகிறது. அந்த நாங்களில் யார் யார் சேர்த்தி என்று முதல் நாள் முழுக்கச் சண்டை. நேற்று வந்து குடியேறியவன் உண்டா, வரி கட்டாதவன் உண்டா என்று மாலை ஆறு மணி வரை கத்தினார்கள். முடியவில்லை. எனக்கோ குஷி தாங்கவில்லை. நம் ஊரில் குழாய் உடைந்தால்கூட இவ்வளவு பேர் கூட மாட்டார்கள்!

எல்லையிலிருந்து முப்பது கிலோமீட்டரில் இருக்கிறோம் என்றதும் என்னை எல்லோரும் நின்று பார்க்கிறார்கள். நம்மிடம் காட்ட ஒன்று இருக்கிறது, அக்கா. கிளம்பும் முன்பு உன் கட்டட நிலவறையில் இருபது ஆணி அடித்துவிட்டு வந்தேனே, அந்தப் பலகை. ஏப்ரல் ஆறாம் தேதி ஒத்திகைக்கு அபாயச் சங்கு ஊதும். அதற்குள் நிலவறையைக் காலி செய்ய வை. அது பதுங்கிடம் என்று நகராட்சிப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவன் நான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தம்பி வைதாஸ்

·

லாபூனாய், மார்ச் 19

அன்புத் தம்பி வைதாஸுக்கு,

உன் கடிதம் ஆறு நாளில் வந்தது. இத்தாலிக்காரர்களைப் பற்றி நான் நினைத்திருந்ததைவிட ஒரு நாள் குறைவு. நான் சௌக்கியம். இடுப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதற்கென்ன, இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? காதுக்குள் பேசுகிற பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று முதலில் விசாரி.

நிலவறை காலியாகிறது. ஐயோ, நீ பார்க்க வேண்டுமே! சனிக்கிழமை காலையில் தொடங்கினார்கள். முற்றம் முழுக்க ஊறுகாய் ஜாடி. வெள்ளரி, பீட்ரூட், காளான், பெயர் தெரியாத பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று. நாலாம் மாடி ஃபெலிக்ஸாஸின் உருளைக்கிழங்கு மூட்டையில் முளை ஒரு முழம் வளர்ந்திருக்கிறது. மூன்று சறுக்கு வண்டி, ஒரு குளியல் தொட்டி, யாரும் உரிமை கொண்டாடாத ஒரு சிங்கத் தலை. தரைத்தளத்து ஜத்விகா கவிழ்த்த குளியல் தொட்டி மேல் ஏறி நின்றுகொண்டு அதிகாரம் செய்கிறாள்.

“குண்டு விழுந்தா ஊறுகாய் காப்பாத்துமா, நீங்க காப்பாத்துவீங்களா?” என்று கேட்டாள்.

ஃபெலிக்ஸாஸ் விடவில்லை. “மூணு நாள் உள்ள உட்காரணும்னா எதைத் திம்ப? உன் திட்டையா?”

கடைசியில் அலமாரியில் ஒரு தட்டு ஊறுகாய்க்கு மட்டும் அனுமதி என்று முடிவாயிற்று. ஒரு வீட்டுக்கு இரண்டு ஜாடி. மூன்றாம் மாடி ஒனுதேவுக்குப் பிறந்து ஆறு வாரமே ஆன குழந்தை இருப்பதால் மூன்று. மேலிருந்து பார்க்க, ஜாடிகள் வெயிலில் மின்னி, மாதா கோயில் கண்ணாடி தோற்றது போ.

நிலவறையில் அவரவர் சாமான் அறைக்கு இருந்த பூட்டின் சாவி இனி உன் பலகைக்குத்தான் என்று எல்லோரிடமும் சொல்லியாயிற்று. என்னுடையது பதினெட்டாம் ஆணி. மறக்கவில்லை.

ஜத்விகா கடைக்குப் போகிறாளாம், இதை அவளிடமே கொடுத்துவிடுகிறேன். குளிர்க் காற்றில் திறந்த சட்டையோடு திரியாதே.

உன் அக்கா மில்தா

·

திரியெஸ்தே, மார்ச் 28

என் அருமை அக்கா,

நலமா? நான் நலம், நலத்துக்கும் மேலே! இங்கே மலையிலிருந்து ஒரு காற்று இறங்குகிறது. ஆளையே தூக்கிவிடுகிறது. நேற்று ஒரு மேயரின் தொப்பி கடலுக்குப் போய்விட்டது. தொப்பியை விரட்டி ஓடியவர்களில் நாலு நாட்டு ஆள் இருந்தோம். இதற்குப் பிறகும் ஐரோப்பிய ஒற்றுமை இல்லை என்று யாராவது சொன்னால் நான் சாட்சிக்கு வருவேன்.

சிங்கத் தலை என்னுடையது. பள்ளி நாடகத்துக்குச் செய்தது. தூக்கிப் போடாதே.

செவ்வாய்க்கிழமை எனக்கு ஏழு நிமிஷம் கொடுத்தார்கள். எனக்கு முன் பேசியவர்கள் எல்லாம் படம் போட்டுக் காட்டினார்கள்: கேமரா, கணினி, வானத்திலிருந்து எடுத்த படம். நான் மேடைக்கு ஒரு பழைய சாவியை எடுத்துப் போனேன். “எங்ககிட்ட இதுதான் இருக்கு” என்றேன். சபை நிமிர்ந்து உட்கார்ந்தது.

சொன்னது இதுதான். தலையை எண்ணினால் குழப்பம். ஒருவர் வேலைக்குப் போயிருப்பார், ஒருவர் விருந்தாளியாக வந்திருப்பார், இருட்டில் ஒரே ஆளை இரண்டு முறை எண்ணுவோம். சாவி அப்படி இல்லை. ஆணியில் சாவி தொங்கினால் அந்த வீடு இறங்கிவிட்டது. ஆணி காலியாக இருந்தால் அந்தக் கதவைப் போய்த் தட்டு. மின்சாரம் வேண்டாம், இணையம் வேண்டாம், ஒரு பலகையும் சுத்தியலும் போதும்.

கை தட்டினார்கள், அக்கா! ஏழாவது நிமிஷம் முடிந்தும் விடவில்லை. ஒரே ஒரு ஆள் தட்டவில்லை. பெந்தி என்று ஒரு ஃபின்லாந்துக்காரர். நாளுக்கு ஒன்பது வார்த்தைதான் பேசுவார். அதில் நாலை எனக்குச் செலவு செய்தார்.

“சாவி வந்தது. ஆள் வந்தாரா?”

“சாவி தானா நடந்து வராது ஐயா” என்றேன். சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. சில பேருக்குப் பாலில்கூட எலும்பு தட்டும்.

ஒத்திகை முடிந்த உடனே கணக்கை எழுது. இங்கே எல்லோரும் காத்திருக்கிறார்கள். இருபதுக்கு இருபது வந்தால் லாபூனாய்தான் முன்மாதிரி ஊர். அடுத்த வருஷ அமர்வு நம் ஊரில் நடக்கும். அறுபத்திரண்டு மேயர்கள் ஜத்விகா வீட்டுச் செப்பலினாய் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை சாப்பிட வருவார்கள்!

சுகமாக இரு.
வைதாஸ்

·

லாபூனாய், ஏப்ரல் 7

அன்புத் தம்பிக்கு,

நலம். ஈஸ்டருக்கு முட்டைகளுக்கு வெங்காயத் தோலில் சாயம் ஏற்ற ஆரம்பித்திருக்கிறேன். நீ அங்கே முட்டை கிடைக்காமல் மாவுப் பண்டத்தையே தின்று தீர்க்காதே.

நேரே விஷயத்துக்கு வருகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பாய். இருபதுக்கு இருபது. எட்டு நிமிஷம் இருபது நொடி.

ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கு ஊதியது. நிலவறை வாசல் முற்றத்தில்தானே, எல்லோரும் எறும்புப் புற்று உடைந்த மாதிரி வெளியே வந்தார்கள். ஃபெலிக்ஸாஸ் தொப்பியை மறந்துவிட்டு முற்றத்தில் பாதியில் திரும்பப் பார்த்தார். ஆனால் அக்கார்டியனை மறக்கவில்லை. அவருடைய வழுக்கை எவ்வளவு பெரிது என்று எனக்கு நேற்றுதான் தெரிந்தது. ஒனுதேவின் புருஷன் ஓடினான் பார், செருப்பு ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்.

கீழே ஜத்விகா பலகை பக்கத்தில் பட்டாளத்து அதிகாரி மாதிரி நின்றாளாம். ஒவ்வொரு சாவிக்கும் எண்ணைச் சத்தமாகக் கூப்பிட்டாளாம். கடைசிச் சாவி விழுந்ததும் ஃபெலிக்ஸாஸ் வாசிக்க ஆரம்பித்து, அபாயம் நீங்கியது என்று சங்கு ஊதிய பிறகும் யாரும் வெளியே வரவில்லை. ஊறுகாய்த் தட்டும் காலி. பாட்டுச் சத்தம் படிக்கட்டு வழியாக ஐந்தாம் மாடி வரைக்கும் கேட்டது.

எனக்கும் சந்தோஷம்தான். போய்ச் சொல்லு. அந்த ஃபின்லாந்துக்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்லு.

ஜத்விகாவிடம் கொடுத்து அனுப்புகிறேன்.
உன் அக்கா மில்தா

·

திரியெஸ்தே, ஏப்ரல் 24

அக்கா! அக்கா! அக்கா!

நலமா என்று கேட்க மறந்துவிடுவேன், அதனால் முதலிலேயே: நலமா?

விடுமுறை முடிந்து மன்றம் கூடியதும் உன் கடிதத்தை மேடையில் வாசித்தேன். எட்டு நிமிஷம் இருபது நொடி என்றதும் பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றுவிட்டார். இதுவரைக்கும் பதினான்கு ஊர்கள் பலகையைக் கேட்டிருக்கின்றன. ஆணிக்கும் ஆணிக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று ஒரு மேயர் அளவு கேட்டார். நான் கைரேகை பார்க்கிற மாதிரி அவர் உள்ளங்கையில் வரைந்து காட்டினேன்.

அறிக்கையின் முதல் வாக்கியம் இன்னும் இழுத்துக்கொண்டே போகிறது. ‘நாங்கள்’ பாடு அதோகதி. ஆனால் ஏழாவது பிரிவில் சாவிப் பலகை ஏறிவிட்டது. ஜூன் பத்தொன்பதாம் தேதி வாக்கெடுப்பு. அன்றைக்கே முன்மாதிரி ஊரும் தேர்வாகும். இருபத்தாறு வருஷமாகச் சாக்கடை மூடிக்குக் கையெழுத்துப் போட்டவன் நான், அக்கா. என் வாழ்க்கையில் ஒரு முறையாவது நான் அடித்த ஆணியைப் பற்றி உலகம் பேசுகிறது.

பெந்தி நேற்று காபிக் கடையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “உங்க கட்டடத்துல எத்தனை பேர்?” என்றார். நாற்பத்து மூன்று என்றேன். “நாற்பத்து மூணையும் பார்த்தது யாரு?” என்றார். நான் அவருக்கு ஒரு கேக் வாங்கிக் கொடுத்து வாயை அடைத்தேன்.

போர்ச்சுகலிலிருந்து கிராசா என்று ஒரு பெண்மணி வந்திருக்கிறார். கடற்கரை ஊர்க்காரர். உனக்கு எழுத வேண்டும் என்று விலாசம் கேட்டார். கொடுத்திருக்கிறேன்.

உடம்பு பத்திரம்.
வைதாஸ்

·

லாபூனாய், மே 3

தம்பி,

நலம். வேலை இருக்கிறது, அதனால் அட்டையில் எழுதுகிறேன். பலகையைப் பற்றிக் கொஞ்சம் குறைத்துப் பேசு. ஒரு ஒத்திகைதானே ஆகியிருக்கிறது. அந்த ஃபின்லாந்துக்காரரிடம் மரியாதையாக நடந்துகொள்.

எலுமிச்சைச் செடியில் இரண்டு பூ.

மில்தா

·

திரியெஸ்தே, மே 18

மதிப்புக்குரிய மில்தா அம்மையாருக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் வார்த்தைகளை உங்கள் மொழியில் எழுதித் தந்தவர் மன்றத்து மொழிபெயர்ப்பாளர். உங்கள் தம்பி அல்ல, அதனால் இதில் மிகை இருக்காது.

என் அப்பாவுக்கு எண்பத்து நாலு வயது. மீன்பிடிப் படகில் ஐம்பது வருஷம் இருந்தவர். இப்போது எங்கள் ஊரில் ஏழாம் மாடியில் தனியாக இருக்கிறார். மின்தூக்கி உண்டு. மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பல நாள் தூங்காமல் இருந்திருக்கிறேன். எங்கள் ஊரில் நிலநடுக்கப் பயமும் சேர்ந்தது. உங்கள் தம்பி சாவியைக் காட்டிப் பேசிய அன்று நான் என் அப்பாவுக்குப் போன் செய்தேன். “உங்க சாவி கீழ வந்துடுச்சான்னு இனிமே ஒரு பார்வைல தெரிஞ்சுக்கலாம்பா” என்றேன்.

அவர் சிரித்தார். “சாவிய ஜன்னல் வழியா எறிஞ்சா சீக்கிரம் வந்துடும்” என்றார். அவருக்கு எப்போதும் கிண்டல்.

எங்கள் கட்டடத்தில் அடுத்த மாதம் பலகை மாட்டுகிறோம். நாற்பத்தெட்டு ஆணி. அதற்கு உங்கள் பெயரைச் சொல்லி நன்றி தெரிவிக்கவே இந்தக் கடிதம். உங்கள் ஊருக்கு வரும்போது உங்களைப் பார்க்க ஆசை. இனி நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

அன்புடன்,
கிராசா

·

லாபூனாய், ஜூன் 11

என் வைதாஸுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். என் நலத்தைப் பற்றி இந்த ஒரு தடவை உண்மையைச் சொல்கிறேன். உட்கார்ந்து படி.

அந்தப் போர்ச்சுகல் அம்மாளின் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. தினமும் எடுத்துப் படிக்கிறேன். ‘இனி நான் நிம்மதியாகத் தூங்குவேன்’ என்று எழுதியிருக்கிறாள். அவள் தூங்கத் தூங்க எனக்குத் தூக்கம் போயிற்று.

ஒத்திகை அன்று நான் கீழே போகவில்லை, தம்பி. என் சாவி போயிற்று. ஜத்விகா முந்தின நாளே வாங்கிக்கொண்டு போனாள். பதினெட்டாம் ஆணியில் அதுதான் முதலில் தொங்கியது. நான் ஜன்னலில் நின்றேன். உனக்கு எழுதியது எல்லாம் ஜன்னலில் பார்த்தது, மீதி ஜத்விகா சொன்னது. ஃபெலிக்ஸாஸின் வழுக்கையைத் தரையில் நிற்பவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? அவர் ஆறடி உயரம். அதை எழுதும்போதே நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்தேன். நீ கண்டுபிடிக்கவில்லை.

ஜனவரியில் விழுந்த பிறகு நான் படி இறங்கவே இல்லை. என் கடிதங்களை எல்லாம் பெட்டியில் போட்டது ஜத்விகா. சொன்னால் நீ திரியெஸ்தேயை விட்டுவிட்டு ஓடி வருவாய், இல்லையென்றால் என்னை ஏதாவது ஒரு இல்லத்தில் கொண்டுபோய் விடுவாய். இரண்டும் எனக்கு வேண்டாம். அதோடு நீ மேடையில் நிற்பதை நினைத்தால் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அதைக் கெடுக்க மனசு வரவில்லை. அதுதான் நிஜம்.

நான் மட்டும் இல்லை. ஒனுதேவின் புருஷன் சாவியோடு ஓடினான். குழந்தை அப்போதுதான் தூங்கியது என்று அவள் மேலேயே இருந்துவிட்டாள். இரண்டாம் மாடியில் ஒருவர் குளித்துக்கொண்டிருந்தார், சாவியை மனைவி கொண்டு போனாள். இருபது சாவி இறங்கியது. ஆனால் நாற்பத்து மூன்று பேரில் எல்லோரும் இறங்கவில்லை. அந்த ஃபின்லாந்துக்காரர் கேட்டதுதான் சரியான கேள்வி.

ஜத்விகா மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள், சனிக்கிழமைதான் வருவாள். அதுவரை காத்திருந்தால் இது உனக்கு வாக்கெடுப்புக்கு முன் வராது. பெட்டியை மூன்று மணிக்குத் திறப்பார்கள். வேறு யாரிடமாவது கொடுக்கலாம்தான். ஆனால் நான் இறங்கினால் எவ்வளவு நேரம் ஆகும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அது தெரியாமல் இதை எழுதி என்ன பயன்? மணி இப்போது பன்னிரண்டு ஐந்து. உறையை ஒட்டாமல் எடுத்துக்கொண்டு போகிறேன்.

(பென்சிலில்)

தபால் பெட்டி பக்கத்து பெஞ்சிலிருந்து எழுதுகிறேன். நாற்பத்தொரு நிமிஷம், தம்பி. எழுபத்தெட்டு படி. ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். ஒனுதே கதவைத் திறந்து பார்த்து அலறினாள்.

“அக்கா, என்ன பண்றீங்க?”

“இறங்கறேன், தெரியலயா? பேச்சுக் குடுக்காத, மணி ஓடுது.”

அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசிப் படி வரை ஒவ்வொரு படியாக என்னோடு உட்கார்ந்து வந்தாள். உதவி செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டேன், கணக்கு கெட்டுவிடும்.

நிலவறைக்கு இன்னும் பன்னிரண்டு படி இருக்கிறது. அதைச் சேர்த்தால் நாற்பத்தெட்டு நிமிஷம் வரும். நீ சேர்க்காதே. இறங்காததை இறங்கியதாக எண்ணியதுதானே நாம் செய்த தப்பு.

எப்படி ஏறப்போகிறேன் என்று தெரியவில்லை. வெயில் அடிக்கிறது. ஐந்து மாதத்துக்குப் பிறகு செருப்புக்குக் கீழே மண். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. சங்கு ஊதினால் எட்டு நிமிஷம், எனக்கு நாற்பத்தொன்று. போய்ச் சொல்லு.

உன் அக்கா

·

திரியெஸ்தே, ஜூன் 20

என் அக்கா,

எப்படி ஏறினாய்? முதலில் அதை எழுது. நான் நலம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

கடிதம் பதினெட்டாம் தேதி சாயங்காலம் வந்தது. துறைமுகத்துக் கல்லில் உட்கார்ந்து படித்தேன். முதலில் உன்மேல் கோபம் வந்தது. ‘என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல’ என்று கடலைப் பார்த்துக் கத்தினேன், ஒரு மீன்காரர் திரும்பிப் பார்த்தார். அப்புறம் உன் பழைய கடிதங்களை எடுத்தேன். அட்டையைத் தவிர எல்லாவற்றிலும் கடைசியில் ஜத்விகா கடைக்குப் போகிறாள், ஜத்விகாவிடம் கொடுக்கிறேன். முப்பத்தெட்டு வருஷம் ஊருக்கே தபால் கொண்டுபோனவள் தன் தபாலை ஏன் தானே போடவில்லை என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. மார்ச்சில் உன் சமையலறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஆணியைப் பற்றியே பேசினேன். உன்னை எழுந்து நடக்கச் சொல்லிப் பார்த்தேனா? அக்கா, என்னை மன்னித்துவிடு.

மறுநாள் ஏழாவது பிரிவு வாக்குக்கு வந்ததும் கை தூக்கினேன். கேலி செய்வார்கள் என்று நினைத்தேன். “எங்க ஊர்க் கணக்கு தப்பு” என்று ஆரம்பித்தேன். “எட்டு நிமிஷத்துல வந்தது சாவி. என் அக்கா ஐந்தாம் மாடியிலேயே இருந்தாங்க. போன வாரம் தனியா இறங்கிப் பார்த்தாங்க. நாற்பத்தொரு நிமிஷம்.”

பெந்தி எழுந்தார். அன்றைக்கு அவர் ஒன்பது வார்த்தையைத் தாண்டினார்.

“நாங்க கதவை எண்ணறோம். எத்தனை கதவு, எத்தனை சதுர மீட்டர், எல்லாம் தெரியும். எங்க ஊர்ல மெதுவா நடக்கற ஆளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் கேட்டதில்ல. நானும் கேட்டதில்ல.” பிறகு அவர் மேடை வரைக்கும் நடந்து வந்து என் கையைப் பிடித்தார். கேக்குக்கு நன்றி என்றார்.

கிராசா வெளியே ஓடிப் போனார். போனில் அப்பாவைப் பிடித்து, மின்தூக்கி இல்லாமல் இறங்கிப் பார்க்கச் சொன்னாராம், பக்கத்து வீட்டுக்காரர் கூடவே. சாப்பாட்டு வேளைக்குள் பதில் வந்தது: ஒரு மணி ஐந்து நிமிஷம், மூன்றாம் மாடியில் யாரோ கொடுத்த ஒயின் குடிக்க நின்ற நேரம் உட்பட. அதைப் பார்த்து எல்லோரும் போனை எடுத்துவிட்டார்கள்! கூடம் முழுக்க அறுபது மொழியில் கத்தல். “அம்மாவ மெதுவாவே இறங்கச் சொல்லு!” “அவரு சக்கர நாற்காலியில இருக்காரா? அது எப்பலேர்ந்து?” ஒரு மேயர் சுவரில் தாளை ஒட்டி எண்களை எழுத ஆரம்பித்தார். முப்பத்தெட்டு. ஐம்பத்திரண்டு. இருபத்தாறு. பல ஊர்களுக்கு எதிரே ‘தெரியாது’ என்று மட்டும். உன் நாற்பத்தொன்று எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது, அக்கா.

சாவிப் பலகை அறிக்கையிலிருந்து போயிற்று. முன்மாதிரி ஊர் வேறு ஊருக்குப் போயிற்று. எனக்கு வருத்தமே இல்லை என்றால் பொய். மாலையில் ஒரு மணி நேரம் நன்றாக வருத்தப்பட்டேன். ஏழாவது பிரிவில் இப்போது இருப்பது ஒரே வரி: ஒவ்வோர் ஊரும் தன்னில் மிக மெதுவாக இறங்கும் ஆளின் நேரத்தைத் தன் நேரமாக அறிவிக்க வேண்டும். ஏழு ஊர்கள் எதிர்த்து வாக்களித்தன. மற்றவை ஆதரவு. ‘நாங்கள்’ வாக்கியம் மட்டும் முடியாமல் செப்டம்பருக்குத் தள்ளிப் போயிருக்கிறது.

ஜூலை நாலாம் தேதி வருகிறேன். இல்லம் கில்லம் எதுவும் இல்லை. பயப்படாதே.

உன் தம்பி வைதாஸ்

·

லாபூனாய், செப்டம்பர் 29

அன்புத் தம்பிக்கு,

நீ திரியெஸ்தே போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். குளிர் வந்துவிட்டது, நீ மறந்துவிட்டுப் போன கம்பளிச் சட்டையை ஃபெலிக்ஸாஸ் போட்டுக்கொண்டு திரிகிறார். உனக்கு இனி அது கிடைக்காது. காதுக்குள் பேசுகிறவள் மறுபடி வந்திருக்கிறாளா?

ஜத்விகா தன் தரைத்தளத்து வீட்டை என் வீட்டோடு மாற்றிக்கொள்ளலாம் என்று இன்னும் நச்சரிக்கிறாள். நீயும் அவளுமாகச் சேர்ந்து திட்டம் போட்டது எனக்குத் தெரியும். என் ஜன்னலை விட மாட்டேன். அதற்கென்று நாற்காலி இருக்கிறதே. ஜூனில் என்னைச் சமையலறை நாற்காலியில் வைத்துத் தூக்கி ஏற்றியதில் ஃபெலிக்ஸாஸுக்கு வந்த முதுகு வலியைவிடப் பெரிய யோசனை ஒன்றும் வந்தது. நீ ஜூலையில் போட்டுக் கொடுத்த படத்தின்படி இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து முடித்துவிட்டார். ஒனுதேவின் புருஷன் முன்னால், எதிர்வீட்டுக்காரர் பின்னால். பல்லக்கில் போகிற ராணி மாதிரி இருந்தேன், ராணி வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தாள் என்பது தவிர.

நேற்று ஞாயிறு இரண்டாம் ஒத்திகை. சங்கு ஊதியது. இந்தத் தடவை ஜன்னலுக்குப் போகவில்லை. ஒனுதே குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கினாள். தொண்ணூறு படி. நிலவறையை முதல் முறையாகக் காலியாகப் பார்த்தேன். உன் சிங்கத் தலை மூலையில் இருக்கிறது, அதன் வாயில் யாரோ மெழுகுவர்த்தி வைத்திருக்கிறார்கள். ஃபெலிக்ஸாஸின் வழுக்கை கீழேயிருந்து தெரியவே இல்லை.

உன் பலகையைப் பிடுங்கவில்லை. இருபது ஆணியிலும் கோட்டு மாட்டுகிறார்கள். ஜத்விகா பட்டியலைக் கையில் எடுத்தாள், நான் பிடுங்கிக்கொண்டேன். யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஒவ்வொருவர் பெயரையும் கூப்பிட்டேன். பதில் மட்டும் போதாது, முகத்தைக் காட்டச் சொன்னேன். குழந்தை தூக்கத்திலேயே இருந்தது, அதன் கன்னத்தைத் தொட்டு எண்ணினேன்.

பன்னிரண்டு நிமிஷம் ஐந்து நொடி. பழைய கணக்கைவிட மெதுவு. பெந்தியிடம் சொல்லு. கிராசாவுக்கும் அவள் அப்பாவுக்கும் என் அன்பைச் சொல்லு. அந்த முதல் வாக்கியத்தில் யார் யாரைச் சேர்ப்பது என்று இந்தத் தடவையும் அடித்துக்கொள்வார்கள். லாபூனாயில் எப்படி எண்ணினோம் என்று கேட்டால் நீ தைரியமாகச் சொல்லலாம்.

நாற்பத்து மூன்று பேர். என்னையும் சேர்த்து.

உன் அக்கா மில்தா